உப்பு மாளிகை மேல் பதினொரு குற்றம்

“டீச்சர், பிசாசு தியேட்டருக்குள்ள போகணும்னா அதுவும் டிக்கெட் எடுக்கணுமா?”

தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் ஒரு காலை இப்படிக் கேட்டவளுக்கு வயது ஏழு. எதைக் கேட்டாலும் முகத்தைத் துடைத்து வைத்தாற்போல வைத்துக்கொண்டு கேட்பாள். குறும்பா, நிஜமான சந்தேகமா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனாலேயே அவளுக்குக் ‘கேள்வி’ என்று பெயர் விழுந்துவிட்டது. சினிமா தியேட்டர் பிசாசு குடியிருக்கும் வீடு என்று அதற்கு முந்தின நிமிஷம்தான் டீச்சர் சொல்லி முடித்திருந்தார்.

“அதுக்கு எதுக்கு டிக்கெட்? அது உள்ளேயேதான் இருக்கும்.”

“அப்போ தினமும் ஒரே படத்தையே பாக்கணுமா? பாவம் டீச்சர்.”

வகுப்பு முழுக்கக் கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருமுவதுபோல் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் டீச்சர். மற்ற ஆறு நாளும் தையற்காரர். பள்ளிச் சீருடை தைப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. தைத்து மிஞ்சும் பொத்தான்களை ஒரு தகர டப்பாவில் போட்டுவைத்து, வேத வசனம் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு ஒன்று என்று கொடுப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே வழக்கம். வெள்ளைப் பொத்தான் சாதாரண வசனத்துக்கு. வேதத்தின் நீளமான சங்கீதத்தை ஒப்பித்தால் கோட்டில் வைக்கிற தங்க நிறப் பொத்தான். அதற்காகப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். ஊர் முழுக்க அவருக்குப் ‘பொத்தான் டீச்சர்’ என்றுதான் பெயர்.

அவருடைய கடை இருந்தது தியேட்டருக்கு நேர் எதிரே. அது அவருடைய சிலுவை. போஸ்டர்கள் கண்ணில் படக்கூடாது என்று, முதுகு தெருவைப் பார்க்கும்படி மெஷினைத் திருப்பிப் போட்டிருந்தார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்து தன் நிழலே துணிமேல் விழும். அந்த இருட்டிலேயே ஊசிக்கு நூல் கோத்தார்.

அந்த வருஷம் கோடை விடுமுறைக்குத் தியேட்டரில் ‘உப்பு மாளிகை’ வருவதாகப் பேச்சு எழுந்தது. பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் அடித்துப் பிடித்துப் படித்த கதைப்புத்தகம், இப்போது படமாகியிருந்தது. சபைச் செயலாளர், தபால் ஆபீஸில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், கையில் போனை ஏந்திக்கொண்டு வந்தார்.

“பாத்தீங்களா டீச்சர்? புள்ளைங்களுக்கு மந்திரம் சொல்லிக் குடுக்கிற படமாம். ஒருத்தர் அனுப்பியிருக்கார். அவருக்கு இன்னொருத்தர் அனுப்பியிருக்கார்.”

அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது. தியேட்டருக்கு ஒரு மனு, நகராட்சிக்கு ஒரு பிரதி, படத்தைத் தடுத்தே ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. போதகர் ஐயா மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: “படத்துல என்ன இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?”

“பாத்துட்டு எழுதினா, பாத்த பாவம் நம்ம தலையில வந்து விழுமே ஐயா” என்றார் செயலாளர்.

டீச்சர்தான் எழுந்தார். “கதை புள்ளைங்களுக்குத் தெரியும். அதுங்களைக் கேட்டு நான் எழுதித் தரேன்.”

அடுத்த ஞாயிறு வகுப்பில் கேட்டார். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. படித்தோம் என்று ஒப்புக்கொண்டால் அடி விழுமோ என்ற பயம். டீச்சர் யோசித்தார். யோசிக்கும்போதே கை பழக்க தோஷத்தில் தகர டப்பாவைத் திறந்துவிட்டது.

“யாரையும் திட்ட மாட்டேன். அந்தக் கதையில கெட்டது என்ன இருக்குன்னு சொல்லுங்க. ஒண்ணுக்கு ஒரு பொத்தான்.”

ஒரு சிறுமி எழுந்து, ஒரு கிழவி காற்றோடு பேசுவாள், காற்று அவள் சொன்னதைக் கேட்கும் என்றாள். வெள்ளைப் பொத்தான். இன்னொருவன், கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு முகம் எட்டிப் பார்க்கும் என்றான். வெள்ளைப் பொத்தான். மூன்றாவது பிள்ளை, கதையில் வருகிற பெண் தன் அம்மாவை எட்டி உதைப்பாள் என்றது. டீச்சர் ‘ஐயையோ’ என்று நெஞ்சில் கை வைத்தார். அந்தக் கை தானாகத் தங்கப் பொத்தானை எடுத்துக் கொடுத்தது.

அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. கிழவி ஒரு கைக்குழந்தையைப் பானையில் போட்டாள். ஓர் ஆடு வேதப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தது. ஒரு தேவதூதனின் இறக்கையைப் பிடுங்கித் தலையணையில் அடைத்தார்கள். தலையணையைச் சொன்னவள் கேள்வி. எண்ணிப் பார்த்தால் பதினொன்று.

டீச்சர் வீட்டில் உட்கார்ந்து மனுவை எழுதினார். கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். வாய் சும்மா இராது. தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுக் கேட்டார்: “இத்தனையும் ஒரே படத்துலயா? எனக்கும் ஒரு டிக்கெட் கிடைக்குமா?”

“உங்க நாக்குல தையல் போடணும்.”

“போடு. ஒரு காஜா ஓட்டை மட்டும் வெச்சுடு, சாப்பிடணும்.”

இருநூற்றுப் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் முழுக்கப் படிக்கவில்லை. பொத்தான் டீச்சர் எழுதியது, அது போதும் என்றார்கள்.

தியேட்டர் மேனேஜரை எல்லோரும் ‘டார்ச்சண்ணன்’ என்பார்கள். இளவயதில் டார்ச் அடித்து இருட்டில் இடம் காட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவர். அறுபதை நெருங்கும்போது மேனேஜர் ஆகியிருந்தார். செயலாளரும் டீச்சரும் போனபோது எழுந்து நின்று நாற்காலி போட்டார். மனுவைக் கடைசிவரை நிதானமாகப் படித்தார். ஏழாவது குற்றத்தில் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. ஒன்பதாவதில் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

“நகராட்சிக்குக் குடுத்துட்டீங்களா?”

“திங்கட்கிழமை குடுக்கிறோம்” என்றார் செயலாளர் விறைப்பாக.

“நல்லது. சனிக்கிழமை காலையில படத்தை ஆளில்லாம ஒரு தடவை ஓட்டிப் பாப்போம், மெஷின் சரியா இருக்கான்னு. உங்க சார்பா ஒருத்தர் வந்து பாத்துட்டா, எதிர்க்கிறதுக்கும் பலமா இருக்கும். எழுதினவங்களே வந்தா இன்னும் நல்லது.”

போகலாமா கூடாதா என்று சபையில் ஒரு மணி நேரம் வழக்கு நடந்தது. கடைசியில், சிங்கக் குகைக்குப் போன தானியேலை நினைத்துக்கொண்டு டீச்சர் போகட்டும் என்று தீர்ப்பாயிற்று.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எதிரே கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் கழித்து, டீச்சர் முதல்முறையாக அந்த வாசலைத் தாண்டினார். ஒரு கையில் வேதப் புத்தகம், மறு கையில் மனுவின் நகராட்சிப் பிரதி. டார்ச்சண்ணன் நடு வரிசையில் உட்காரவைத்து, மனுவை வாசிக்க ஒரு சின்ன டார்ச்சும் கொடுத்துவிட்டு, பத்து வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. டீச்சர் கண்ணை மூடி ஜெபித்தார். திறந்தபோது, கண் தெரியாத ஒரு தாய்க்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தாள் ஒரு சிறுமி. எப்போது உதைக்கப் போகிறாள் என்று டீச்சர் காத்திருந்தார். அவள் சிக்கெடுத்தாள், பின்னினாள், உச்சியில் முத்தம் கொடுத்தாள். கொக்காக மாறிப்போன தம்பியைத் தேடி உப்பு மாளிகைக்குக் கிளம்பினாள். உதைக்கவே இல்லை.

காற்றோடு பேசும் கிழவி வந்தாள். டீச்சர் டார்ச்சை அடித்து ஒன்றாம் எண்ணில் குறியிட்டார். கண்ணாடியில் கறுப்பு முகம் வந்தது. உண்மையிலேயே பயமாக இருந்தது. இரண்டாம் எண்ணிலும் குறி. அதற்கப்புறம் பென்சிலுக்கு வேலை இல்லை. பானை வந்தது, உள்ளே கஞ்சி கொதித்தது. ஆடு வந்தது, அது வெறும் ஆடு. தேவதூதன் வரவே இல்லை, தலையணைக்கு எங்கே போவது?

இடைவேளைக்குள் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தகர டப்பா கண்முன் வந்து நின்றது. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. கடையில் எதற்கு விலை அதிகமோ அதை எடுத்து நீட்டினார்கள். விலை வைத்தது அவர். இருநூற்றுப் பதினான்கு பேரை அதன்கீழ் கையெழுத்துப் போடவைத்ததும் அவரே. இது வெளியே தெரிந்தால் எந்தத் தாய் தன் பிள்ளையை இனி அவர் வகுப்புக்கு அனுப்புவாள்? இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கென்று சேர்ந்த சொத்து அந்த வகுப்பு ஒன்றுதான். சொந்தப் பிள்ளை இல்லாதவர்.

கடைசிக் காட்சியில் அந்தக் கிழவி, கொக்கு மறுபடி பையனாவதற்காகத் தன் குரலையே கொடுத்துவிட்டு, வாயசைத்துக்கொண்டு ஊமையாக நடந்து போனாள். டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். இந்தத் தடவை இருமல் வரவில்லை.

விளக்கு எரிந்ததும் டார்ச்சண்ணன் வந்து ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்.

“ரெண்டு இருக்கு” என்றார் டீச்சர், தலை நிமிராமல். “ஒன்பது இல்லை.”

“தெரியும் டீச்சர். என் பொண்ணு சின்ன வயசுல ஜுரத்துல படுத்திருந்தப்போ அந்தப் புத்தகத்தை நாலு தடவை வாசிச்சுக் காட்டியிருக்கேன்.”

“அப்போ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“செயலாளர் முன்னாடியா? வேண்டாம்னு தோணிச்சு.” கொஞ்சம் தயங்கினார். “படக் கம்பெனிக்காரன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான். எதிர்ப்புன்னு யாராவது கடுதாசி குடுத்தா உடனே அனுப்புங்க, பேப்பர்ல போட்டா கூட்டம் அள்ளும்னு. இங்கே ஒண்ணும் வரலைன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் சார்? கூட்டம் வந்தா உங்களுக்கு நல்லதுதானே?”

“நல்லதுதான். முதலாளி தினம் சீட்டை எண்ணிட்டுத்தான் தூங்கறார். ஆனா ஊரு உங்களைப் பாத்து ஒரு நாள்தான் சிரிக்கும் டீச்சர். அந்தப் புள்ளைங்களைப் பொய் சொன்ன புள்ளைங்கன்னு எத்தனை வருஷம் சொல்லும்? அதை நினைச்சேன்.” சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டியபடி எழுந்துகொண்டார். “இந்தக் காகிதத்தை நான் வாங்கவே இல்லை. அன்னிக்கு என் மேஜைமேல மறந்து வெச்சுட்டுப் போனீங்க. இன்னிக்கு எடுத்துட்டுப் போறீங்க. அவ்வளவுதான்.”

டீச்சர் எழுந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். டார்ச்சண்ணன் அதைப் பார்க்காததுபோல் டார்ச்சை வாங்கி, எரிகிறதா என்று இரண்டு தடவை அடித்துப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டார்.

அன்று வீட்டில் கணவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நாளைக்கு நானும் உன் பக்கத்துல வந்து உக்காரட்டுமா?” என்றார். சபைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவர். தனக்கு வாய்த்தவர்களை நினைத்து டீச்சர் நெடுநேரம் முழங்காலில் இருந்தார். பிழை தன்னுடையது, அதை மூடிவைக்க ஒருவர், அதைச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார ஒருவர். கேட்காமலே கொடுக்கிறவன் கொடுத்தது. ஆனால் மூடியதை மூடியபடியே விட அவருக்கு மனசு ஒப்பவில்லை. டார்ச்சண்ணன் காப்பாற்றியது பிள்ளைகளை. தன்னை அல்ல என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றார். “மனுவில ஒன்பது விஷயம் படத்துல இல்லை. புள்ளைங்க மேல தப்பு இல்லை. கெட்டதைச் சொன்னாப் பொத்தான் தரேன்னு சொன்னது நான். பெரிய கெட்டதுக்குப் பெரிய பொத்தான் குடுத்ததும் நான். வகுப்பை வேற யார்கிட்டயாவது குடுக்கணும்னா குடுத்துடுங்க.”

செயலாளர் முகம் கறுத்துவிட்டது. “நம்ம மானமே போச்சு” என்று சொல்லி எழுந்தவர், செருப்பைத் தேடிக்கொண்டே வெளியே போனார்.

போதகர் ஐயா அவரைக் கூப்பிடவில்லை. கூடத்தைப் பார்த்துக் கேட்டார்: “படிக்காம கையெழுத்துப் போட்டவங்க எத்தனை பேர்? எழுந்திருங்க பாக்கலாம்.” யாரும் அசையவில்லை. “சரி, நான் நின்னுட்டுத்தான் இருக்கேன். அதனால நான் ஒரு கையைத் தூக்கறேன்” என்று கையைத் தூக்கினார். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. டீச்சர் திரும்பிப் பார்த்தபோது பாதிக் கூடம் நின்றுகொண்டிருந்தது. கையெழுத்தே போடாத கணவரும் நின்றார்.

“வகுப்பு அடுத்த வாரமும் அதே நேரம்தான்” என்றார் ஐயா. “பொத்தான் மட்டும் நல்லதுக்கு.”

கேள்வி ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்தாள். “அப்போ தலையணைக்குக் குடுத்த பொத்தானைத் திருப்பித் தரணுமா டீச்சர்?”

“வேண்டாம்மா. அது என் தப்பு. நீயே வெச்சுக்க.”

“தங்கத்துலயா தப்பு பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டு ஓடிப்போனாள்.

டீச்சர் எழுதிய புது மனு அரைப் பக்கம்தான் வந்தது. மந்திரத்தைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு மன வருத்தம் உண்டு; கண்ணாடிக் காட்சி சின்னஞ்சிறுசுகளுக்கு ஆகாது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு பலகை வையுங்கள் என்று எழுதியிருந்தார். டார்ச்சண்ணன் அன்றே பலகை வைத்தார். படம் மூன்று வாரம் சுமாராக ஓடியது. சபையில் சிலர் பார்த்தார்கள், பலர் பார்க்கவில்லை. செயலாளர் மூன்று வாரம் டீச்சரோடு பேசவில்லை. நாலாவது வாரம் கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, அரை அங்குலம் ஏற்றணும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். டீச்சர் அன்றே ஏற்றிக் கொடுத்தார்.

மெஷினையும் திருப்பிப் போட்டுவிட்டார். வெளிச்சம் நல்லா வருது என்று கேட்டவர்களிடம் சொன்னார். வந்ததும் உண்மை.

அப்படி முகம் தெருவைப் பார்த்திருந்ததால்தான், சில மாதம் கழித்து அந்தச் சண்டையைப் பார்க்க நேர்ந்தது. தியேட்டர் வாசலில் நின்று முதலாளி டார்ச்சண்ணனைத் தெருவே கேட்கக் கத்திக்கொண்டிருந்தார். காட்சி நேரத்தைக் காட்ட வாசல் பலகையில் கொக்கிகள் இருந்தன. தகரத்தில் வெட்டிய எண்களை அதில் மாட்டுவார்கள். அந்த வாரம் எண் மாறிப்போய், நாற்பது பேர் படம் பாதி ஓடின பிறகு வந்து ரகளை செய்துவிட்டார்கள்.

“எண்ணு தெரியலையா உனக்கு? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியை வெச்சுட்டுக் கிளம்பிடு.”

முதலாளி போனதும் டார்ச்சண்ணன் தகரங்களை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பை விரலால் தடவிப் பார்த்துப் பெட்டியில் வைத்தார். டீச்சர் கால்மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். மெஷின் நின்றது.

சாயங்காலம் கணவரிடம், டார்ச்சண்ணனுக்கு என்ன என்று மட்டும் கேட்டார்.

“உன்கிட்ட யார் சொன்னா? கண்ணுல புரை. போன வாரம் நான்தான் வேன்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆபரேஷனுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தேதி கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்னார். முதலாளிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாராம். நீயும் வாயைத் திறக்காதே.”

“நான் எதுக்குத் திறக்கறேன்?” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார் டீச்சர்.

வெள்ளிக்கிழமைதான் படம் மாறும் நாள். விடிந்ததும் டார்ச்சண்ணன் வந்து எண்களை மாட்டிவிட்டு, குளித்துச் சாப்பிட வீட்டுக்குப் போவார். ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார். அந்த வெள்ளிக்கிழமை, சீருடை அவசரம் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, டீச்சர் ஆறே முக்காலுக்கே கடைக்கு வந்துவிட்டார். புதுப் படத்தின் காட்சி நேரங்கள் முந்தின நாளே எல்லாக் கடைக்கும் துண்டு நோட்டீஸாக வந்திருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து பலகையின் கீழே போய் நின்றார்.

காலைக் காட்சி சரி. பகல் காட்சி சரி. மாலைக் காட்சி ஆறரைக்கு. பலகையில் ஒன்பதரை என்று தொங்கியது. ஆறைத் தலைகீழாக மாட்டியிருந்தார்.

தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கடைகளின் கதவெல்லாம் சாத்தியிருந்தது. டீச்சர் திரும்பிப் போய், தான் உட்கார்ந்து தைக்கும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏறி நின்றும் எட்டவில்லை. குதிகாலை உயர்த்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கொக்கியிலிருந்து தகரத்தைக் கழற்றினார். பனியில் அது சில்லென்று இருந்தது. நேராகத் திருப்பி மாட்டினார். ஆடியதை விரல் வைத்து நிறுத்தினார். இரவுக் காட்சியையும் நோட்டீஸோடு ஒத்துப் பார்த்தார். அது சரியாகவே இருந்தது.

இறங்கி, முக்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். இன்னும் ஏழு வெள்ளிக்கிழமை இருக்கிறது என்று கணக்குப் போட்டபடி கடைக்குள் போய், பாதியில் நின்றிருந்த ஒரு காலர் துணியை மெஷினில் வைத்து ஓட்ட ஆரம்பித்தார்.